பழைய மான் துப்பாக்கிக்குச் செலவு செய்வதா, புதிது வாங்குவதா?

2021 டிசம்பரில் ஒரு காலை, பென்சில்வேனியாவின் ரெனோவோ பக்கம், ஸ்ப்ரோல் காட்டில் எழுபது கஜ தூரத்தில் நின்ற மானைத் தவறவிட்டேன். ஓடுகிற மான் இல்லை. ஹெம்லாக் மரத்தடியில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்த மான். சுட்டதும் திடுக்கிட்டு நாலு எட்டு தள்ளி நின்றது. திரும்பிப் பார்த்தது. அப்புறம் நடந்தே போய்விட்டது. ரத்தமோ முடியோ விழுந்திருக்கிறதா என்று ஒரு மணி நேரம் தேடினேன். ஒன்றுமில்லை. சுத்தமாகத் தவறியிருந்தது.

அன்று சாயங்காலமே துப்பாக்கிக் கடைக்குப் போனேன். 450 டாலருக்கு, சுட்ட பிறகு கைப்பிடியை இழுத்துத் தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றும் ஒரு போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளைத் தோளில் வைத்துப் பார்த்து, கார்டையும் எடுத்துவிட்டேன். கடைக்காரர் சாதாரணமாகத்தான் கேட்டார்: "பழையதைக் கடைசியாக எப்போது காகிதத்தில் சுட்டுப் பார்த்தீர்கள்?" யோசித்துப் பார்த்தால் மூன்று வருடம் ஆகியிருந்தது. கார்டைத் திரும்பப் பைக்குள் வைத்தேன்.

என்னிடம் இருப்பது ரெமிங்டன் 760, .30-06 தோட்டா. நான் வேலை செய்யும் மெஷின் ஷாப்பில் ஓய்வுபெற்றுப் போன ஒரு பெரியவரிடமிருந்து வாங்கியது. முன்கட்டையைப் பின்னால் இழுத்து முன்னால் தள்ளினால் அடுத்த தோட்டா ஏறும். பம்ப் ஆக்‌ஷன் என்பார்கள். மான் வேட்டைக்கு, சுட்டதும் அடுத்த தோட்டா தானாக ஏறும் செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிளை இந்த மாநிலம் அனுமதிப்பதில்லை. அதனால் 1952இல் இது வந்ததிலிருந்து இங்கே வீட்டுக்கு வீடு பரவிவிட்டது. நான் கோயம்புத்தூர்க்காரன். பம்ப் என்றாலே எங்களுக்குக் கொஞ்சம் பாசம். ஊரில் பேசும்போது மான் வேட்டை என்று வாயைத் திறந்தால் "ஜெயில்ல போட்ருவாங்கடா" என்கிறார் அக்கா. அங்கே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அப்படி. இங்கே லைசென்ஸ் வாங்கி, தலையும் நெஞ்சும் முதுகும் சேர்த்து 250 சதுர அங்குலம் ஆரஞ்சு துணி தெரியும்படி போட்டுக்கொண்டு, பருவத்தில் போனால் சட்டப்படி சரி.

சரி, முடிவெடுப்பது எப்படி? முதலில் குற்றவாளி யார் என்று கண்டுபிடியுங்கள். அதற்கு முன் ஒரு டாலர்கூடச் செலவழிக்க வேண்டாம்.

சுட்டுப் பழகும் ரேஞ்சுக்குப் போய், மேஜையில் மணல் மூட்டை வைத்து, 100 கஜத்தில் ஒரு காகிதத் தட்டை மாட்டுங்கள். எட்டு ஒன்பது அங்குலத் தட்டு போதும். மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் இடம் ஏறக்குறைய அவ்வளவுதான். வேட்டைக்கு எடுத்துப்போகும் அதே தோட்டாதான் வேண்டும். மூன்று சுட்டு, குழல் ஆறட்டும். இப்படி மூன்று முறை. அவசரப்பட்டால் சூடான குழல் வேறு கதை சொல்லும்.

மூன்று ஓட்டைகளும் நெருக்கமாக இருந்து, தட்டின் நடுவில் இல்லாமல் ஓரமாக விழுந்தால் துப்பாக்கிக்கு ஒன்றுமில்லை. மேலே மாட்டியிருக்கும் குறிபார்க்கும் தொலைநோக்கியின், அதாவது ஸ்கோப்பின், திருகைச் சில கிளிக் திருப்பினால் தீர்ந்தது. சிதறி விழுந்தால்தான் விசாரணை. எனக்கு முதல் மூன்றும் ஏழு அங்குலம் சிதறின. அதே மூன்றை இரண்டு அங்குலத்துக்குள் போட வேண்டிய துப்பாக்கி இது.

விசாரணையில் முதல் சந்தேகம் உங்கள் மேல் விழட்டும். கூட வந்தவரிடம் துப்பாக்கியைக் கொடுத்து, தோட்டா போட்டோ போடாமலோ உங்களிடம் நீட்டச் சொல்லுங்கள். எது என்று அவர் சொல்லக் கூடாது. காலியாக இருக்கும்போது ட்ரிகரை இழுத்ததும் குழல் முனை குனிந்தால், தோளில் அடிக்கும் உதைக்குப் பயந்து நீங்களே அதை அமுக்குகிறீர்கள். என்னுடையது நன்றாகவே குனிந்தது. எனக்கு வெட்கமாகப் போயிற்று. புது ரைஃபிள் வாங்கியிருந்தால் அதுவும் குனிந்திருக்கும்.

அடுத்த சந்தேகம் திருகுகள் மேல். ஸ்கோப்பைத் தாங்கும் அடித்தகட்டை (மவுண்ட்) ரைஃபிளின் உடலோடு பிடித்திருப்பவை 6-48 மரைத் திருகுகள். அங்குலத்துக்கு 48 மரை, கனம் மூன்றரை மில்லிமீட்டர். ஒவ்வொரு வெடிக்கும் அரைக் கிலோ ஸ்கோப் நின்ற இடத்திலேயே நிற்கப் பார்க்கும், துப்பாக்கி பின்னால் பாயும். நடுவில் மாட்டிக்கொண்டு அடி வாங்குவது இந்தத் திருகுகள்தான். வீட்டில் ஸ்கோப்பைக் கழற்றிவிட்டுப் பின்பக்கத் திருகில் டிரைவரை வைத்தேன். கை வலுக் கொடுக்கவே இல்லை. அரைச் சுற்று அதுபாட்டுக்குப் போயிற்று. லேத்தில் முப்பது வருடம் வேலை செய்தவன் இதைப் பார்க்காமல் விட்டிருக்கிறேன். திருகையும் ஓட்டையையும் எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, நீல நிறத் திருகுப் பசை ஒரு சொட்டு விட்டு, முறுக்கும் அளவைக் காட்டும் டார்க் டிரைவரால் மவுண்ட்காரர்கள் சொன்ன அளவுக்கு முறுக்கினேன். என்னுடையதற்கு 20 இஞ்ச்-பவுண்ட். கையால் "இன்னும் கொஞ்சம்" என்று முறுக்காதீர்கள், தலை அறுந்துவிடும்.

இதற்கே சிதறல் நான்கு அங்குலமாகச் சுருங்கியது.

போல்ட் ஆக்‌ஷன் வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் பாருங்கள்: குழலுக்கும் அதைத் தாங்கும் மரக்கட்டைக்கும் நடுவில் ஒரு டாலர் நோட்டை நுழைத்துப் பின்னால் இழுங்கள். எங்காவது ஒரே ஒரு பக்கம் சிக்கினால், ஈரத்தில் கட்டை வளைந்து குழலை அழுத்துகிறது. 760இல் முன்கட்டை குழலைத் தொடாது, அதனால் எனக்கு அந்தத் தலைவலி இல்லை.

அப்புறம் குழல். செம்புக் கரைப்பான் தோய்த்த துணித்துண்டு நீலப்பச்சையாக வெளியே வந்துகொண்டே இருந்தால் தோட்டாவின் செம்பு உள்ளே படிந்திருக்கிறது. துணி நிறம் மாறாமல் வரும்வரை விடாதீர்கள். எனக்கு இரண்டு சாயங்காலம் ஆயிற்று. 760இல் ஒரு சங்கடம் உண்டு. பெரும்பாலான போல்ட் ஆக்‌ஷன்களில் செய்வதுபோல குழலின் பின்வாயை அடைக்கும் போல்ட்டைச் சட்டென்று கழற்றிப் பின்னாலிருந்து தடியை விட முடியாது. எல்லாரும் முனைப்பக்கமாகவே விட்டுத் துடைப்பார்கள். நாற்பது ஐம்பது வருடம் அப்படித் தடி உரசினால் முனையின் விளிம்பு ஒரு பக்கம் தேயும். தோட்டா வெளியேறும் கடைசி இடம் அது. அங்கே கோணினால் போகும் வழியும் கோணும். டார்ச்சும் உருப்பெருக்கியும் வைத்துப் பாருங்கள். லேசாகத் தேய்ந்த முனையைத் துப்பாக்கி மெக்கானிக் சீர்செய்து தருவார், பெரிய செலவில்லை. இனிமேல் துடைக்கும்போது முனைக்கு ஒரு பாதுகாப்பு வளையம் போட்டுக்கொள்ளுங்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் சரிசெய்யக் கூடியவை. இனி வருவதில் ஒன்று இருந்தாலும் பழையதை வைத்துக்கொண்டு போராடாதீர்கள்.

சுட்ட பித்தளைக் கூட்டின் அடிப்பாகத்துக்குச் சற்று மேலே பளபளவென்று வளையம் தெரிந்தால் ஹெட்ஸ்பேஸ் விரிந்திருக்கலாம். அதாவது போல்ட்டுக்கும் தோட்டா உட்காரும் இடத்துக்கும் நடுவே இடைவெளி அதிகமாகியிருக்கலாம். கூடு பிளந்தால் வெடிக்கும் வாயு உங்கள் முகத்தை நோக்கி வரும். கேஜ் வைத்து அளக்கிற மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள், அதுவரை சுட வேண்டாம். குழலில் எங்காவது வீக்கம் இருந்தாலும், தோட்டா அறையில் ஆழமாகத் துரு குழித்திருந்தாலும் அதே. அப்புறம் இந்தச் சோதனை: காலி என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, சேஃப்டியை (தவறிச் சுடாமல் தடுக்கும் பொத்தானை) போட்டு ட்ரிகரை இழுத்து விடுங்கள். பிறகு ட்ரிகரைத் தொடாமல் சேஃப்டியை எடுங்கள். அப்போது 'டிக்' என்று அடித்தால் அந்தத் துப்பாக்கி காட்டுக்குப் போகக் கூடாது. ரெமிங்டன் 700 வைத்திருப்பவர்கள் 2014இல் வந்த ட்ரிகர் திரும்பப் பெறும் அறிவிப்பில் தங்கள் துப்பாக்கி அடங்குகிறதா என்றும் பாருங்கள்.

பணக் கணக்கு. நான் வைத்த வரம்பு, அதே வேலையைச் செய்யும் புது ரைஃபிளின் விலையில் பாதி. மவுண்ட், திருகுகள் 30 டாலர், கட்டையின் பின்முனையில் உதையைத் தாங்கும் ரப்பர் பட்டை 35, மெக்கானிக் சோதனை 60. மொத்தம் 125. பழைய ஸ்கோப் உள்ளே பனி பிடித்திருந்தது, அதற்கு 220 டாலர் தனி. அதை ஏன் கணக்கில் சேர்க்கவில்லை என்று கேட்டால், ஸ்கோப் துப்பாக்கியோடு சாகாது. நாளைக்கே இந்த ரைஃபிளைத் தூக்கிப் போட்டாலும் அது புதியதில் ஏறிக்கொள்ளும். புதிது வாங்கப் போனாலும் ஸ்கோப்புக்கு எப்படியும் கொடுத்திருப்பேன். மரக்கட்டைக்குப் பாலிஷ், முழுக் குழலுக்கும் புதுக் கறுப்புப் பூச்சு, இதெல்லாம் வேண்டுமென்றால் செய்துகொள்ளுங்கள், ஆனால் அதனால் குண்டு நேராகப் போகாது.

ஒரு வகைத் துப்பாக்கியில் மட்டும் கையே வைக்காதீர்கள். 1964க்கு முந்தைய வின்செஸ்டர் 70, பழைய சாவேஜ் 99 மாதிரி சேகரிப்பவர்கள் தேடுகிறவை. ஸ்கோப் மாட்ட உடம்பில் புதிதாக ஓட்டை போட்டாலோ, பூச்சை மாற்றினாலோ விலை கீழே போய்விடும். தாத்தா காலத்துத் துப்பாக்கி கைக்கு வந்தால் முதலில் என்ன மாடல், எந்த வருடம் என்று பாருங்கள், அப்புறம் டிரைவரை எடுங்கள்.

துப்பாக்கி நன்றாக இருந்தும் மாற்ற வேண்டி வருவது உண்டு. .300 சாவேஜ், .35 ரெமிங்டன் மாதிரித் தோட்டாக்களை ஒவ்வொரு இலையுதிர் காலமும் கடை கடையாகத் தேட வேண்டியிருந்தால் அலுத்துவிடும். கட்டை உங்கள் கைக்கு நீளமாக இருந்தாலும் அப்படித்தான். பெரிய காரணம் தோள். .30-06 தோளில் பலமாகவே அடிக்கும்; நான் குழலைக் குனிய வைத்ததற்கு அதுதான் காரணம். ஆனால் உடனே ரைஃபிளை மாற்றாமல், அதே .30-06இல் உதை குறைந்த தோட்டா ஒரு பெட்டி வாங்கிப் பார்த்தேன். புது ரப்பர் பட்டையும் சேர, முனை குனிவது நின்றது. ஸ்ப்ரோலில் புதர் அடர்த்தி. நூறு கஜத்துக்கு மேல் பார்வையே போகாது. இங்கே அந்தத் தோட்டா தாராளம்.

மகள் வேட்டைக்கு வர ஆரம்பித்ததும் 7மிமீ-08 என்ற தோட்டாவுக்கான ஒரு சின்ன ரைஃபிள் வாங்கினேன். உதை .30-06ஐவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு, கட்டையும் குட்டை. 760ஐ அறுத்து அவளுக்குப் பொருத்தலாமா என்று கேட்டார்கள். மாட்டேன் என்றேன்.

வாங்குவதானால் கடையில் 4473 என்ற ஃபெடரல் படிவம் நிரப்ப வேண்டும். எச்1பி விசாவில் இருப்பவர்கள் கவனம்: குடியேற்றம் அல்லாத விசாக்காரர்கள் துப்பாக்கி வைத்திருப்பது பொதுவாக ஃபெடரல் சட்டப்படி குற்றம். செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் இருந்தால் விலக்கு உண்டு. நண்பரின் துப்பாக்கியைக் கையில் வாங்கிப் பார்ப்பதற்கு முன்பே வக்கீலிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

கடைசியில் திருகு, ஸ்கோப், சுத்தம் எல்லாம் ஆன பிறகு 760 ஒன்றே முக்கால் அங்குலத்தில் மூன்றையும் போட்டது. முறுக்கிய திருகுத் தலைக்கும் அடித்தகட்டுக்கும் குறுக்கே மனைவியின் நகப்பூச்சால் ஒரு சிவப்புக் கோடு இழுத்து வைத்திருக்கிறேன். திருகு நகர்ந்தால் கோடு உடையும். தேங்க்ஸ்கிவிங் நாளுக்கு ஒரு வாரம் முன்பு ஒவ்வொரு வருடமும் எடுத்துப் பார்ப்பேன். இந்த நவம்பரில் முன்திருகில் கோடு லேசாக விலகியிருந்தது. கழற்றி, துடைத்து, திரும்ப முறுக்கிவிட்டு ரேஞ்சுக்குக் கிளம்பினேன். நகப்பூச்சுக் குப்பியை ஜீன்ஸ் பையிலேயே விட்டதற்கு வீட்டில் திட்டு விழுந்தது.