பொலன்னறுவையை ஒரே நாளில் பார்ப்பது எப்படி? காரும் வழிகாட்டியும் வைத்துப் போகிறவர்களுக்கு

இலங்கைக்கு முதல்முறை போகிற நம்ம ஊர்க்காரர்கள் கொழும்பு, கண்டி, நுவரெலியா என்றுதான் திட்டம் போடுவார்கள். அதில் ஒரு நாளை எடுத்துப் பொலன்னறுவைக்குக் கொடுங்கள் என்று கேட்கிற எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ராஜராஜ சோழனின் படை அனுராதபுரத்தை வீழ்த்திய பிறகு சோழர்கள் தலைநகராக வைத்துக்கொண்ட ஊர் இது. ஜனநாதமங்கலம் என்று பெயரும் வைத்தார்கள். 1070இல் சிங்கள அரசர் முதலாம் விஜயபாகு அவர்களை விரட்டிவிட்டு இங்கிருந்தே ஆண்டார். அடுத்த நூற்றாண்டில் பராக்கிரமபாகு, நிச்சங்க மல்லன் என்ற அரசர்கள் நகரத்தைக் கட்டிக் குவித்தார்கள். 13ஆம் நூற்றாண்டில் நகரம் கைவிடப்பட்டு, காடு மூடியது. 1982இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

இடிபாடுகள் வடக்கு தெற்காகச் சில கிலோமீட்டர் நீளத்துக்குச் சிதறிக் கிடக்கின்றன. இளைஞர்கள் வாடகைச் சைக்கிளில் சுற்றுகிறார்கள், அதுவும் அருமையான வழிதான். நான் போனது அம்மா, அப்பாவோடு. அம்மாவுக்கு முழங்கால் வலி. அதனால் கார், அதை ஓட்டுகிறவரே விளக்கமும் சொல்கிறவர் என்று ஏற்பாடு செய்தோம். அப்படிப் போகிறவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு.

படி 1: எங்கிருந்து கிளம்புவது

கொழும்பிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்ப நினைக்காதீர்கள். போகவே ஐந்து மணி நேரம் ஆகும், பாதி நாள் காரிலேயே போய்விடும். கண்டியிலிருந்து முடியும், ஆனால் களைத்துப்போவீர்கள். முந்தைய நாள் இரவே ஹபரணை, சிகிரியா, தம்புள்ளை இந்த மூன்றில் ஒன்றில் தங்குங்கள். ஹபரணையிலிருந்து ஒரு மணி நேரம்தான். கிழக்குப் பக்கம் இருந்தால் மட்டக்களப்பிலிருந்தும் வரலாம்.

அக்டோபர் கடைசியிலிருந்து ஜனவரி வரை இந்தப் பக்கம் வடகிழக்குப் பருவமழைக் காலம். மற்ற மாதங்களில் வெயில்தான் பிரச்சினை.

படி 2: வழிகாட்டியைத் தேர்ந்தெடுப்பது

கவனம் முழுக்க இங்கே இருக்கட்டும். இலங்கையில் வெறும் டிரைவர் வேறு, 'ஷோஃபர் கைடு' வேறு. இரண்டாமவர் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் உரிமம் பெற்றவர். கார் ஓட்டுவதோடு, தலங்களுக்குள் கூடவே வந்து விளக்கிச் சொல்ல அனுமதி பெற்றவர். அவரிடம் அடையாள அட்டை இருக்கும். முன்பதிவு செய்யும்போதே, "அட்டை இருக்கிறதா, உள்ளே கூட வருவீர்களா?" என்று கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் வாசலில் காரை நிறுத்திவிட்டு, "போய்ப் பார்த்துவிட்டு வாங்க" என்று நிழலில் உட்கார்ந்துவிடுவார். அவர் மேல் தப்பில்லை, அவருக்கு உரிமம் இல்லை, அவ்வளவுதான்.

அடுத்து, வாட்ஸ்அப்பில் நான்கு விஷயங்களை எழுத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள்: நாள் வாடகையில் எத்தனை கிலோமீட்டர் அடங்கும், எரிபொருள் சேர்த்தா, அவருடைய சாப்பாட்டுச் செலவு யாருடையது, எத்தனை மணி வரை. தலத்தின் நுழைவுக் கட்டணம் பொதுவாக வாடகையில் சேராது. வெளிநாட்டவருக்கு அது கணிசமான தொகை, தனியாக எடுத்து வையுங்கள். சார்க் நாட்டவருக்குச் சலுகை உண்டா என்று கவுண்டரில் கேளுங்கள். அதற்குக் கடவுச்சீட்டு கையில் இருக்க வேண்டும்.

தமிழ் தெரிந்த வழிகாட்டி வேண்டுமென்றால் கொஞ்சம் தேட வேண்டும், ஆனால் கிடைக்கிறார்கள். எங்களுக்கு வந்தவர் திருகோணமலைக்காரர். அப்பாவின் சந்தோஷத்தில் பாதி, அவர் பேசிய தமிழில் கல்வெட்டுக் கதையைக் கேட்டதுதான்.

இன்னொன்று. இதற்கு முந்தைய பயணத்தில் ஒருவர் எங்களைக் கேட்காமலே மசாலாத் தோட்டம், ரத்தினக் கடை என்று இரண்டு மணி நேரத்தைக் கரைத்துவிட்டார். அதிலிருந்து, "கடைகள் வேண்டாம், பொலன்னறுவை மட்டும்தான்" என்று முதல் செய்தியிலேயே சொல்லிவிடுகிறேன். யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

படி 3: உங்கள் பட்டியலை நீங்களே கொடுப்பது

வழிகாட்டிகளுக்கு வழக்கமான ஒரு சுற்று இருக்கும். அது நல்ல சுற்றுதான், ஆனால் நமக்கு முக்கியமான இரண்டு இடங்கள் அதில் விட்டுப்போகலாம். ஒன்று, வானவன்மாதேவி ஈச்சரம். தொல்லியல் பலகையில் 'இரண்டாம் சிவ தேவாலயம்' என்று இருக்கும். இன்னொன்று, வேளைக்காரர் கல்வெட்டு. இரண்டையும் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

நான் கேட்டபோது எங்கள் வழிகாட்டி, "அந்தச் சிவன் கோயிலோ? கேக்கிற ஆக்கள் குறைவு, அக்கா" என்றார். சொல்லும்போதே முகம் மலர்ந்தது.

படி 4: பையில் என்ன

தோளும் முழங்காலும் மறையும் உடை. புனித இடங்களில் செருப்பு, தொப்பி இரண்டையும் கழற்ற வேண்டும். பத்து மணிக்கு மேல் கல் தரை தோசைக்கல் மாதிரி சுடும், அதனால் ஆளுக்கு ஒரு ஜோடி பழைய சாக்ஸ். செருப்பு எளிதாகக் கழற்றுகிற மாதிரி இருக்கட்டும், அன்றைக்கு எத்தனை முறை கழற்றி மாட்டினோம் என்று கணக்கே இல்லை. தண்ணீர் நிறைய. தின்பண்டத்தைக் கையில் வெளியே தெரிய வைத்துக்கொண்டு நடக்காதீர்கள், குரங்குகள் விடாது.

படி 5: முதலில் அருங்காட்சியகம்

நாங்கள் ஹபரணையிலிருந்து காலை ஏழு மணிக்குக் கிளம்பினோம். அனுமதிச் சீட்டு ஏரிக்கரைப் பக்கம் உள்ள அருங்காட்சியகத்தில் வாங்க வேண்டும். சீட்டு பல இடங்களில் சோதிக்கப்படும், நாள் முழுக்கப் பத்திரமாக வைத்திருங்கள். சாப்பிட வெளியே போய்விட்டுத் திரும்ப உள்ளே வரலாமா என்பதையும் வழிகாட்டியை விட்டு இங்கேயே கேட்கச் சொல்லுங்கள்.

சீட்டு வாங்கியதும் தலத்துக்கு ஓடாமல் முக்கால் மணி நேரம் அருங்காட்சியகத்தைப் பாருங்கள். வெளியே கூரையில்லாமல் தூண்களாக நிற்கிற கட்டடங்கள் அந்தக் காலத்தில் எப்படி இருந்திருக்கும் என்று இங்கே மாதிரி செய்து வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டுப் போனால் கற்குவியல் கட்டடமாகத் தெரியும். இங்கே கிடைத்த சைவச் செப்புத் திருமேனிகளும் உண்டு. அம்மா அவற்றின் முன்னால் கைகூப்பிவிட்டார்.

படி 6: அரண்மனை, பிறகு நாற்சதுர முற்றம்

பராக்கிரமபாகுவின் அரண்மனை ஏழு மாடி என்று சொல்வார்கள். இன்றைக்கு நிற்பவை தடித்த செங்கல் சுவர்கள். அரை மணி நேரம் போதும். பக்கத்தில் உள்ள அரசவை மண்டபத்தின் அடித்தளத்தை மட்டும் குனிந்து பாருங்கள். யானை வரிசை, அதற்கு மேல் சிங்கம், அதற்கு மேல் குள்ளபூதங்கள். யானைகளில் ஒன்று போல இன்னொன்று இருக்காது.

அங்கிருந்து முதலாம் சிவ தேவாலயம் வழியாக நாற்சதுர முற்றம். முழுப் பயணத்திலும் கட்டடங்கள் நெருக்கமாக இருக்கிற இடம் இதுதான். ஒன்றே கால் மணி நேரம் ஒதுக்குங்கள். நடுவில் வட்டதாகே: வட்டமான மேடை, நான்கு வாசல், நான்கு புத்தர், நடுவில் தூபி. வாசற்படியின் கீழே அரைவட்டச் சந்திரவட்டக்கல் இருக்கும். அனுராதபுரத்துச் சந்திரவட்டக்கல்லில் யானை, குதிரை, சிங்கத்தோடு காளையும் உண்டு. இங்கே காளை இல்லை. சைவர்கள் வணங்கும் நந்தியைக் காலால் மிதிக்கக் கூடாது என்று எடுத்துவிட்டார்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் காரணம்.

எதிரே கல் பொத்த, அதாவது கல் புத்தகம். எட்டு மீட்டருக்கு மேல் நீளம், சுமார் 25 டன் எடை. நிச்சங்க மல்லன் தன் பெருமைகளை இதில் வெட்டி வைத்திருக்கிறார். கல் மிகிந்தலையிலிருந்து கொண்டுவரப்பட்டது என்றும் அதிலேயே எழுதியிருக்கிறது. அதன் ஓரத்தில் அன்னங்களும், இரண்டு யானைகளுக்கு நடுவே கஜலட்சுமியும் இருப்பதைப் பலர் கவனிக்காமல் போய்விடுகிறார்கள்.

சரி, இப்போது வேளைக்காரர் கல்வெட்டு. இதே முற்றத்தில், விஜயபாகு கட்டுவித்த பல் கோயிலான அட்டதாகே அருகில் நிற்கிற பலகைக்கல். வேளைக்காரர் என்பது தமிழ்ப் படைவீரர்கள். விஜயபாகு காலத்துப் புத்தரின் புனிதப் பல் கோயிலைத் தாங்கள் காப்போம் என்று அவர்கள் ஏற்றுக்கொண்டதைச் சொல்கிற தமிழ்க் கல்வெட்டு இது. சிங்கள அரசன் கட்டுவித்த பௌத்தக் கோயில், காவல் தமிழ்ப்படை, சாசனம் தமிழில். பள்ளிக்கூடத்தில் சோழர் வந்தார், போனார் என்று இரண்டு வரியில் படித்த எனக்கு, அந்தக் கல்லின் முன்னால் நின்றபோது அந்த இரண்டு வரி போதவே போதாது என்று பட்டது.

படி 7: வானவன்மாதேவி ஈச்சரம்

முற்றத்திலிருந்து வடக்கே போகும்போது கிழக்கே ஒரு கிளைப்பாதை பிரியும். பபளு வெஹெர என்கிற செங்கல் தூபியைத் தாண்டிப் போனால் மரநிழலில் சின்னக் கோயில் ஒன்று. பெரிய பேருந்துக் கூட்டம் இந்தப் பக்கம் அதிகம் திரும்புவதில்லை.

வானவன்மாதேவி என்ற சோழ அரசியின் பெயரைத் தாங்கிய கோயில் இது. சுற்றிலும் செங்கல் கட்டடங்கள் சரிந்து கிடக்க, இது மட்டும் அடியிலிருந்து சிகரம் வரை கல்லால் கட்டியதால் அப்படியே நிற்கிறது. தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமத்தில் பார்க்கிற சோழர் காலச் சிறு கோயில் மாதிரியே இருக்கிறது. கோஷ்டம் என்கிற சுவர் மாடம், விமானம், வெளியே நந்தி எல்லாம் நமக்குப் பழகியவை.

இங்கே அவசரப்படாதீர்கள். சுவரிலும் அடித்தளத்திலும் தமிழ்க் கல்வெட்டு ஓடுகிறது. பக்கவாட்டில் வெளிச்சம் விழுகிற மாதிரி நின்றுகொண்டு மெதுவாகப் பாருங்கள். முதலில் கோடுகளாகத்தான் தெரியும். அப்புறம் ஒரு 'ப' கண்ணில் படும், ஒரு 'ட' படும். அப்பா கல்லைத் தொடாமல், காற்றிலேயே விரலால் எழுத்துகளைப் பின்தொடர்ந்துகொண்டு கோயிலைச் சுற்றி வந்தார். உள்ளே லிங்கம் இருக்கிறது. யாரோ விளக்கேற்றி, பூ வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

படி 8: மதியம்

வடக்கே ரன்கொத் வெஹெர என்கிற உயரமான தூபி, லங்காதிலக என்கிற சிலைமனை, கிரி வெஹெர என்கிற இன்னொரு தூபி. உடம்பு தளர்கிற நேரம் என்பதால் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். லங்காதிலகவை மட்டும் விடாதீர்கள். இரண்டு பக்கமும் பதினேழு மீட்டர் உயரத்துக்குச் சுவர் எழும்பி நிற்க, நடுவே தலையில்லாத புத்தர்.

வெளியே போய்த் திரும்ப அனுமதி உண்டென்றால், ஊருக்குள் சோறு கறி சாப்பிட்டு, எருமைத் தயிரும் கித்துள் பனைப் பாகான கித்துள் பாணியும் கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் காலையிலேயே சாப்பாட்டுப் பார்சல் கட்டிக்கொண்டு, கார் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுங்கள். வழிகாட்டியையும் கூடச் சாப்பிடச் சொல்லுங்கள்.

படி 9: கல் விகாரையை வெயில் தணிந்த பிறகு

சாப்பிட்டபின் முதலில் வடகோடிக்குப் போய்விடுங்கள்: பழைய சுவரோவியங்கள் உள்ள திவங்க சிலைமனை, எட்டு இதழ்த் தாமரை மாதிரி அடுக்கடுக்காக வெட்டிய தாமரைக் குளம். வழியில் குன்று மாதிரி ஒன்று தெரியும். தெமல மகா சேய. பராக்கிரமபாகு போரில் பிடித்த தமிழ்க் கைதிகளை வைத்துக் கட்டத் தொடங்கிய பெருந்தூபி என்று சூளவம்சம் என்கிற பழைய பாலி வரலாற்று நூல் சொல்கிறது. காரை ஒரு நிமிடம் நிறுத்திப் பார்த்தோம்.

அங்கிருந்து திரும்பி, மூன்றரை மணி வாக்கில் கல் விகாரை. ஒரே பாறை, நான்கு உருவங்கள். அமர்ந்த புத்தர், குடைந்த அறைக்குள் இன்னொரு அமர்ந்த புத்தர், கைகளை மார்பில் குறுக்கே வைத்து நிற்கிற ஏழு மீட்டர் உருவம், 14 மீட்டர் நீளத்துக்குச் சாய்ந்து படுத்த புத்தர். நிற்பது புத்தரா, குருவின் பிரிவில் துயருறும் சீடர் ஆனந்தரா என்று ஆய்வாளர்களிடையே இன்னும் வாதம் உண்டு. வழிகாட்டியிடம் அவர் கட்சி எது என்று கேளுங்கள், நல்ல பேச்சு பிறக்கும்.

படுத்த உருவத்தில் இரண்டு இடங்களைத் தேடிப் பாருங்கள். ஒன்று பாதம். இரண்டு பாதங்களின் விரல்களும் ஒரே வரிசையில் இல்லாமல் ஒன்று சற்றே பின்வாங்கியிருக்கும். உறக்கம் இல்லை, பரிநிர்வாணம், அதாவது புத்தரின் இறுதி மறைவு என்பதற்கு அதுதான் அடையாளம் என்று சொல்கிறார்கள். இன்னொன்று தலையணை. தலையின் பாரத்தில் அது லேசாக அமுங்கியிருக்கிறது. கருங்கல்லில் பஞ்சின் குழிவு. அம்மா எதிரே உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார், வழிகாட்டியும் பேச்சை நிறுத்திவிட்டார். குறைந்தது முக்கால் மணி நேரம் இங்கே கொடுங்கள். புத்தருக்கு முதுகைக் காட்டிப் படம் எடுப்பது அவமரியாதையாகக் கருதப்படும், அதைச் செய்யாதீர்கள்.

படி 10: ஏரிக்கரை, அப்புறம் திரும்பும் வழி

கடைசியாகப் பராக்கிரம சமுத்திரம் என்கிற ஏரியின் கரை. தெற்கே பொத்குல் வெஹெர பக்கத்தில் பாறையில் செதுக்கிய ஓர் ஆள் கையில் எதையோ ஏந்தி நிற்கிறார். பராக்கிரமபாகு என்பவர்களும் உண்டு, முனிவர் என்பவர்களும் உண்டு. வானத்திலிருந்து விழும் ஒரு துளி நீரும் மக்களுக்குப் பயன்படாமல் கடலுக்குப் போகக் கூடாது என்று பராக்கிரமபாகு சொன்னதாகச் சூளவம்சம் எழுதுகிறது. அந்த நீர் இன்றைக்கும் வயலுக்குப் பாய்கிறது. இந்த ஊருக்கு ஏன் இவ்வளவு பெரிய கட்டடங்கள் கட்ட வசதி வந்தது என்பது இந்தக் கரையில் நின்றால் புரியும்.

ஐந்தேகாலுக்கெல்லாம் கிளம்பிவிடுங்கள். ஹபரணைக்குப் போகும் சாலை மின்னேரியாக் காட்டை ஒட்டிப் போகிறது, இருட்டினால் யானைகள் குறுக்கே வரும். வழிகாட்டி "நேரமாச்சு" என்று சொன்னால் இன்னும் ஒரு படம், இன்னும் ஒரு இளநீர் என்று இழுக்காதீர்கள். எங்களுக்கு வெளிச்சம் இருக்கும்போதே சாலையோரம் ஒரு யானை நின்றிருந்தது. அவர் எஞ்சினை அணைக்காமல், ஹாரன் அடிக்காமல், தூரத்திலேயே காரை நிறுத்தினார். ஐந்து நிமிடம் கழித்து அது மரங்களுக்குள் போனது.

விடுதி வாசலில் வாடகையையும் டிப்ஸையும் தனித்தனியாகக் கையில் கொடுங்கள். அவர் காட்டியதில் உங்களுக்கு மிகவும் பிடித்த இடம் எது என்பதையும் சொல்லுங்கள். அப்பா சொன்னது வானவன்மாதேவி ஈச்சரம். "அடுத்த முறை வேற ஆக்கள் வந்தாலும் கூட்டிக்கொண்டு போறன், ஐயா" என்றார் அவர்.