திங்கள்கிழமை டீ டைமும் க்ளைமாக்ஸும்

வெள்ளிக்கிழமை வந்த படத்தை ஆபீஸ் டெலிகிராம் குரூப்பில் அலசப்போகிறீர்களா? ட்விஸ்ட்டை மறைத்துப் போடுங்கள். அந்த வரியின் முன்னும் பின்னும் இரண்டிரண்டு நெட்டுக்கோடுகள்: ||கொன்றது தம்பிதான்||. தட்டினால்தான் எழுத்து தெரியும். கடைசி இரண்டு கோட்டை விட்டால் அத்தனையும் அம்பலம். கோடு போடச் சலிப்பாக இருந்தால், வரியை செலக்ட் செய்து மெனுவில் 'ஸ்பாய்லர்' தட்டலாம். ஸ்கிரீன்ஷாட்டையும் அனுப்பும்முன் அப்படியே மறைக்கலாம்.

படத்தின் பெயரை மட்டும் வெளியே விடுங்கள். இல்லாவிட்டால் எந்தப் படமென்று தெரியாமல் தட்டிவிட்டுத் திட்டுவார்கள். பெரும்பாலும் காரியத்தைக் கெடுப்பது பதில்தான். மறைத்ததைப் படித்தவர் "அடப்பாவி, தம்பியா!" என்று பச்சையாகப் போட்டுவிடுவார். பதிலுக்கும் அதே கோடு வேண்டும்.

வாட்ஸ்அப் நோட்டிஃபிகேஷனில் மெசேஜின் தொடக்கம் தெரியும். அங்கே முதல் வரியில் எச்சரிக்கை, கதை அடுத்த மெசேஜில் என்று பிரிக்காதீர்கள். இரண்டாவதும் எட்டிப்பார்த்துவிடும்.