சுவரில் கிறுக்கிய பையன்களை ஊர் என்ன செய்யக் கூடாது

ஆற்றுப் படித்துறை மண்டபத் தூணில் பெயரெழுதி அம்பு விட்ட இதயம் வரைந்தவனும், பஸ் நிழற்குடையில் சாதிப் பெயரைப் போட்டுப் பக்கத்தில் 'கோட்டை' என்று எழுதியவனும் நம்ம பக்கத்தில் ஒரே கணக்குதான், ரெண்டு பேருமே சுவரைக் கெடுத்த பயலுகள். என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமலே கோபப்படுவதுதான் முதல் தவறு.

இதயத்தை நாலு நாள் கழித்து அழித்தாலும் ஒன்றும் ஆகாது. சாதி எழுத்தை விட்டுவைத்தால் எதிர்த்தெருச் சுவரில் பதில் வரும், கோயில் கொடை நேரத்தில் அது வாய்த்தகராறாகும். "சின்னப் பயலுக விளையாட்டு" என்று சொல்கிறவர்கள் 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவனையும் தங்கையையும் வீடு புகுந்து வெட்டிய வழக்கில் பிடிபட்டது யார் என்று யோசிக்க வேண்டும்: கூடப் படித்த மாணவர்கள். அதன் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு, மாணவர்கள் கையில் சாதியைக் காட்டும் கலர் கயிறு கட்டுவதைத் தடுக்கச் சொல்லி 2024-ல் அறிக்கை கொடுத்தது. கயிற்றில் இருக்கும் அதே நிறம்தான் மின்கம்பத்திலும் ஏறுகிறது.

அதனால் அன்றைக்கே போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு அன்றைக்கே அழியுங்கள். ஆனால் அழிக்கத் தூய்மைப் பணியாளரைக் கூப்பிடாதீர்கள். பல ஊரில் இதுதான் வழக்கம், பார்க்கவே எரிச்சலாக இருக்கும். எழுதியது ஒருத்தன், தன்னைத் திட்டி எழுதியதைத் தானே தேய்த்து அழிப்பது இன்னொருத்தர். எழுதியவன் வீட்டு ஆட்களும் தெருப் பெரியவர்களும் கையில் பிரஷ் எடுக்கட்டும்.

பட்டியல் சாதியினரை இழிவாக எழுதியிருந்தால் ஊர்க்கூட்டம் போட்டு "பேசி முடிச்சிக்கிடுவோம்" என்பது பெரிய தவறு. அது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வரக்கூடியது, டிஎஸ்பி அந்தஸ்தில் உள்ளவர் விசாரிக்க வேண்டியது, ஊர் சமரசம் செய்துவைக்கிற விஷயமே இல்லை.

சரி, பையன் பிடிபட்டுவிட்டான். கம்பத்தில் கட்டிவைத்து அடித்து, மன்னிப்புக் கேட்கிற வீடியோவை வாட்ஸ்அப் குரூப்பில் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். அடித்தவர்கள் மேலேயே வழக்கு வரும் என்பது ஒரு பக்கம். 18 வயது நிரம்பாதவன் வழக்கில் சிக்கினால் அவன் பெயர், படம், பள்ளி எதையும் வெளியிடக் கூடாது என்கிறது 2015-ம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-வது பிரிவு. மீறினால் 6 மாதம் வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், இரண்டுமே கூட விதிக்கலாம். அதைவிட முக்கியம், அந்த வீடியோ அவனை அவன் சாதிக்காரப் பையன்களிடம் வீரனாக்கிவிடும்.

கல்தூணில் எழுதியதை மறைக்க அதன்மேல் சுண்ணாம்போ பெயிண்டோ அடிக்காதீர்கள். கம்பி பிரஷ், ஆசிட் இரண்டும் வேண்டாம், கல்லின் மேல்பரப்பே போய்விடும். தின்னரை ஊற்றித் தேய்த்தால் பெயிண்ட் கரைந்து உள்ளே இறங்கும். கரி, சாக்பீஸ் என்றால் தண்ணீரும் மெல்லிய பிரஷும் போதும். ஸ்ப்ரே பெயிண்ட் என்றால் தொல்லியல் துறையைக் கேட்டுச் செய்வது நல்லது.

அப்புறம், சுவரை அழகுபடுத்துகிறோம் என்று தலைவர் படம் வரைவது. நல்ல எண்ணம்தான், ஆனால் நம்ம ஊரில் எந்தத் தலைவரை வரைந்தாலும் "அது யாரு ஆளு?" என்ற கேள்வி உடனே வரும், அந்தப் படத்துக்குச் சாணி அடிக்க அடுத்தவன் கிளம்புவான். கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்கு வருகிற செங்கால் நாரையையும் கூழைக்கடாவையும் வரையச் சொல்லுங்கள். கோடு போட்டுத் தர டிராயிங் வாத்தியார் இருப்பார், பெயிண்ட் காசைப் பஞ்சாயத்தில் கேட்கலாம். ரெண்டு தெருப் பையன்களையும் ஒரே சுவரில் நிறுத்துங்கள். படம் முடிந்ததும் வரைந்தவர்கள் பெயரைக் கீழ் ஓரத்தில் எழுத விடுங்கள், சாதிப் பட்டம் மட்டும் கூடாது.