ரீஃப் தொட்டியில் அனிமோன் செத்துவிட்டதா? மலைநாட்டில் இருப்பவர்களுக்கான செய்முறை

கொழும்பிலோ காலியிலோ ரீஃப் தொட்டி (பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி) வைத்திருப்பவர்களுக்குக் கடல் பக்கத்திலேயே இருக்கிறது. ஹட்டனிலும் நுவரெலியாவிலும் வைத்திருக்கும் நமக்கு அந்த வசதி இல்லை. அனிமோன் (பாறையில் பூப்போல ஒட்டி வாழும், கொட்டும் கடல் உயிர்) செத்த பிறகு வரும் சில மணி நேரத்தில், வீட்டில் கலந்து வைத்த உப்புத் தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்பதுதான் மற்ற உயிர்களின் கதியைத் தீர்மானிக்கும்.

முதலில், உண்மையிலேயே செத்துவிட்டதா?

அனிமோன் சில நேரம் சுருங்கிக் கிடக்கும், பழுப்பு நிறக் கழிவைத் துப்பும். அது சாவு இல்லை. வாய் பிளந்து உள்ளிருப்பது வெளியே தள்ளி, அடிப்பாதம் பிடிப்பு விட்டு, தொட்டால் சதை நூல்நூலாகக் கழன்று வந்தால் முடிந்தது. சந்தேகமாக இருந்தால் அதன் அருகிலிருந்து சிறிது தண்ணீரை எடுத்து முகர்ந்து பாருங்கள். அந்த நாற்றம் பொய் சொல்லாது.

உடலை எடுப்பது

சதையை எடுக்கும் முன் பம்புகளை எல்லாம் நிறுத்துங்கள். ஓடவிட்டுக்கொண்டே எடுத்தால் துண்டுகள் தொட்டி முழுக்கப் பரவும்; செத்த சதையிலும் கொட்டும் செல்கள் வேலை செய்யும், பட்ட இடத்தில் பவளம் புண்படும். கையுறை போட்டு, ஒரு கிண்ணத்தைத் தண்ணீருக்குள்ளேயே அமிழ்த்தி அதில் ஏந்தி எடுங்கள். பாறையோடு ஒட்டியிருந்தால் பாறையையே வெளியே எடுத்து, உப்புத் தண்ணீர் உள்ள வாளியில் வைத்துச் சுரண்டுங்கள். பாறையைக் கொதிநீரில் போடவே கூடாது. அதில் ஸோவாந்திட் வகைப் பவளம் ஒட்டியிருந்தால் அதன் நஞ்சு ஆவியோடு வந்து வீட்டிலிருப்பவர்களையே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடும். சுரண்டும்போதும் அந்தப் பவளத்தைத் தொடாதீர்கள்.

பம்புக்குள் இழுபட்டுச் செத்திருந்தால், பிளக்கைக் கழற்றிவிட்டு பம்பை அப்படியே வெளியே எடுத்துப் பிரித்துக் கழுவுங்கள். தொட்டியில் மிதக்கும் மிச்சத்தைக் குழாய் வைத்து உறிஞ்சுங்கள், ஆனால் வாயால் இழுத்துத் தொடங்காதீர்கள்.

காற்று

இந்த இடத்தில்தான் மலை நம்மை ஏமாற்றும். நுவரெலியா சுமார் 1,870 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் கரையோரத்தில் இருப்பதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்குதான். வெளியே குளிராக இருந்தாலும் தொட்டித் தண்ணீரை நாம் 25 பாகையில் வைத்திருக்கிறோம், அதனால் குளிர்ந்த தண்ணீரில் கூடுதலாகக் கரையும் ஒட்சிசனும் நமக்குக் கிடையாது. அழுகும் சதையை உண்ணும் பக்டீரியா இருப்பதையும் தின்றுவிடும். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் அதுதான் காரணம். சதை வெளியேறியதும் பம்பை மேற்பரப்பு நோக்கித் திருப்பி ஓடவிட்டு, காற்றுக் கல்லும் (காற்றுப் பம்பின் குழாய் நுனியில் மாட்டும், குமிழி விடும் கல்) போடுங்கள். கரண்ட் போகும் ஊராக இருந்தால் பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்று அவசியம்.

தண்ணீர் மாற்றுவது

100 லீட்டர் தொட்டிக்கு 30 லீட்டர் மாற்றுங்கள். அதற்கு மீன் கடையில் விற்கும் கடல் உப்புக் கலவை ஒரு கிலோவுக்குச் சற்று மேல் தேவைப்படும். சமையல் உப்பில் கல்சியமும் மக்னீசியமும் போதாது, அது உதவாது.

பீலித் தண்ணீர் தெளிவாகத்தான் இருக்கும். ஆனாலும் தேயிலையில் கொப்புள நோய்க்குச் செம்பு கலந்த மருந்து அடிப்பார்கள், மலைக்கு உரமும் போடுவார்கள். மீன் தாங்கும் அளவு செம்பைக்கூட இறாலும் நத்தையும் பவளமும் தாங்காது. ஆகவே ஆர்ஓ (சவ்வு வழியாக வடிகட்டிச் சுத்தமாக்கிய) தண்ணீர்தான். முதலில் தண்ணீரை 25 பாகைக்குச் சூடாக்குங்கள், அப்புறம் உப்பைச் சிறிது சிறிதாகப் போட்டுப் பம்பால் கலக்குங்கள். ஜனவரி, பெப்ரவரி இரவில் வெளியே வைத்த வாளியை அப்படியே ஊற்றினால் மீன்களுக்கு அடுத்த அடி அதுதான். முழுவதும் கரைந்த பிறகு அடர்த்தி 1.025 காட்டுகிறதா என்று பார்த்துவிட்டு மெதுவாக ஊற்றுங்கள்.

அடுத்த சில நாட்கள்

ஃபில்டருக்கென்று விற்கும் புதிய கரியை (அடுப்புக் கரி அல்ல) அலசி ஃபில்டரில் போடுங்கள், இரண்டு மூன்று நாளில் மாற்றிவிடுங்கள். ஸ்கிம்மர் (நுரையாக்கி அழுக்கைப் பிரிக்கும் கருவி) பொங்கி வழியும், கிண்ணத்தை அடிக்கடி கொட்ட வேண்டும். தீனியை ஓரிரு நாள் நிறுத்துங்கள். மீன்கள் பட்டினியால் சாகாது.

அழுகும் சதையிலிருந்து வரும் அமோனியாவைக் காலையும் மாலையும் சோதித்துப் பாருங்கள். 0.25 ppm தெரிந்தாலே மறுபடி 20 சதவீதம் மாற்றலாம். கடல் தொட்டியின் பிஎச் 8.2 அளவில் இருப்பதால் அமோனியாவின் நச்சு வடிவம் கூடுதலாக இருக்கும். அமோனியாவைக் கட்டும் மருந்து போட்டால் சோதனையில் நிறம் தொடர்ந்து தெரியலாம், அதைப் பார்த்து மருந்தை இரட்டிப்பாக்காதீர்கள். அமோனியா இறங்கியபின் நைட்ரைட்டையும் ஒரு வாரம் கவனியுங்கள். பதற்றத்தில் எல்லாப் பாறையையும் மணலையும் குழாய்த் தண்ணீரில் கழுவுவது மிக மோசமான யோசனை: நம்மைக் காப்பாற்றும் பக்டீரியா அங்கேதான் இருக்கிறது.

பவளங்கள் சில நாள் மூடியே இருக்கலாம், தொடாமல் விடுங்கள். அனிமோனுக்குள் ஒதுங்கி வாழும் கோமாளி மீனுக்காக உடனே இன்னொரு அனிமோன் வாங்க வேண்டாம், அது இல்லாமலும் அந்த மீன் நன்றாக வாழும். ஹீட்டர், விளக்கு, உப்பு அடர்த்தி, பம்பு மூடி, எது கெட்டது என்று தேடிக் கண்டுபிடிக்கும் வரை கடைப்பக்கம் போகாதீர்கள். தொட்டி வைத்து ஆறு மாதம்கூட ஆகவில்லை என்றால் பெரும்பாலும் தொட்டி இன்னும் புதிதாக இருப்பதுதான் காரணம்.