எம்.பி.யிடம் வெறுங்கையோடு போகாதீர்கள்

2025 ஜூலை 1ஆம் தேதியோடு அமெரிக்காவின் யுஎஸ்எய்டு அமைப்பை இழுத்து மூடிவிட்டார்கள். ஆப்பிரிக்காவில் எச்.ஐ.வி. மருந்து, மலேரியா கொசுவலை, குழந்தைகளுக்கு ஊட்டச்சத்து என்று எத்தனையோ வேலைகளுக்குப் பணம் கொடுத்துவந்த அமைப்பு அது. அதிலிருந்து டெல்லியில் ஆர்.கே.புரம், முனிர்கா பக்கம் இருக்கும் நம் பிள்ளைகள் சிலர் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "அங்கிள், இதுல நாம என்ன பண்ண முடியும்?" என்று கேட்கிறார்கள். தமிழ்நாட்டு எம்.பி.க்களிடம் நார்த் அவென்யூவில் பல வருஷம் பி.ஏ.வாக வேலை பார்த்தவன் என்பதால் என்னிடம் கேட்கிறார்கள். என் பதில் ஒன்றுதான். நின்றுபோன அந்த உதவியில் ஒரு பங்கை இந்தியா கொடுக்குமா என்று கேட்க, உங்கள் எம்.பி.யைப் போய்ப் பாருங்கள். அவர் கையெழுத்துப் போட்டு அப்படியே நாடாளுமன்றத்துக்கு அனுப்பக்கூடிய ஒரு தாளோடு போங்கள்.

எம்.பி.க்கு வரும் தபாலை முதலில் பிரித்துப் படிப்பது பி.ஏ.தான். ரயிலில் எமர்ஜென்சி கோட்டா, எய்ம்ஸில் அப்பாயின்ட்மென்ட், ஊருக்கு ஒரு மேம்பாலம் என்று தினமும் ஒரு கட்டு வரும். அதற்கு நடுவே "உலகில் வறுமை ஒழிய ஆவன செய்யுங்கள்" என்று ஒரு கடிதம் வந்தால் அதை என்ன செய்வது? பதில் போட்டு ஃபைலில் வைக்கத்தான் முடியும். அதையே நாடாளுமன்றக் கேள்வியாக எழுதி யாராவது கொண்டுவந்தால், அன்று இரவே ஐயாவின் மேஜையில் வைத்துவிடுவேன். ஏனென்றால் அவருக்கும் கேள்வி தேவை. ஒவ்வொரு செஷனுக்கும் கேள்வி கொடுக்கப் பார்ப்பார்.

யாரைப் பார்ப்பது? உங்கள் ஓட்டு எந்தத் தொகுதியில் இருக்கிறதோ அந்த எம்.பி.யை. டெல்லியில் பெயர் சேர்த்திருந்தால் இங்குள்ள ஏழு பேரில் ஒருவர். ஓட்டு இன்னும் திருநெல்வேலியிலோ தஞ்சாவூரிலோ இருந்தால் அந்த ஊர் எம்.பி. டெல்லியில் இருப்பதில் ஒரு வசதி உண்டு. ஊரில் அவரைப் பார்க்கக் கூட்டத்தில் நிற்க வேண்டும். இங்கே செஷன் நாட்களில் காலை ஒன்பது மணி வாக்கில் வீட்டில் இருப்பார், பத்து நிமிஷம் உட்கார்ந்து பேசலாம். அவை 11 மணிக்குக் கூடும், அதனால் பத்தரைக்குக் கிளம்பிவிடுவார். வெள்ளிக்கிழமை வேண்டாம், மனசெல்லாம் சாயங்கால விமானத்தில் இருக்கும். செவ்வாய், புதன் நல்லது. முந்தின நாள் பி.ஏ.வுக்கு போன் போட்டு, எந்தத் தொகுதி, என்ன விஷயம் என்று இரண்டு வரியில் சொல்லுங்கள். மூன்று பேருக்கு மேல் போகாதீர்கள்.

தேதிக் கணக்கில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். மக்களவையில் கேள்விக்குக் குறைந்தது 15 முழு நாட்களுக்கு முன்பே நோட்டீஸ் கொடுக்க வேண்டும். ஒவ்வோர் அமைச்சகத்துக்கும் பதில் சொல்ல நாள் ஒதுக்கியிருப்பார்கள். முதலில் அந்த நாளைப் பாருங்கள், அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். வந்து குவியும் நோட்டீஸ்களைக் குலுக்கிப் போட்டு, ஒரு நாளுக்கு அமைச்சர் அவையில் வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டிய நட்சத்திரக் குறியிட்டவை 20, எழுத்தில் மட்டும் பதில் வருபவை 230 என்று எடுப்பார்கள். அதனால் ஒரே ஒரு எம்.பி.யை நம்பாமல், வேறு தொகுதி நண்பர்களையும் அவரவர் எம்.பி.யிடம் அனுப்புங்கள். எழுத்துப் பதில் போதுமா என்று தயங்க வேண்டாம். நமக்கு வேண்டியது கணக்கு, அது எழுத்தில் வருவதே மேல்.

சரி, தாளில் என்ன எழுதுவது? 150 சொற்களுக்குள் இருக்க வேண்டும். ஒரே விஷயமாக இருக்க வேண்டும். கருத்து, வாதம் எதுவும் கூடாது. ஏற்கெனவே அச்சில் கிடைக்கும் தகவலைக் கேட்டால் தள்ளிவிடுவார்கள். ஆகவே பட்ஜெட் புத்தகத்தை முதலில் படித்துவிடுங்கள். 2025-26 பட்ஜெட்டில் வெளிநாடுகளுக்கான உதவி சுமார் 5,483 கோடி ரூபாய். அதில் பூடானுக்கு 2,150 கோடி, நேபாளத்துக்கு 700 கோடி. ஆப்பிரிக்க நாடுகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 225 கோடி. இவ்வளவும் அச்சில் இருக்கிறது. இதில் நோய்க்கென்று எவ்வளவு போனது என்பது அந்த வரியில் இல்லை. நாம் கேட்க வேண்டியது அதைத்தான். நானாக இருந்தால் இப்படி எழுதுவேன்:

வெளியுறவு அமைச்சர் தெரிவிப்பாரா: (அ) கடந்த மூன்று ஆண்டுகளில் ஆப்பிரிக்க நாடுகளுக்கு வழங்கிய உதவியில் மலேரியா, காசநோய், எச்.ஐ.வி. ஆகியவற்றின் தடுப்புக்கும் சிகிச்சைக்கும் செலவான தொகை, நாடு வாரியாக, ஆண்டு வாரியாக எவ்வளவு. (ஆ) இந்தியாவில் தயாராகும் மலேரியா தடுப்பூசியை அந்நாடுகளுக்கு மானியமாக வழங்கும் திட்டம் அரசிடம் உள்ளதா. (இ) ஆம் எனில் அதன் விவரம், இல்லை எனில் அதற்கான காரணம் என்ன?

இதை ஆங்கிலத்திலும் டைப் செய்து வைத்துக்கொள்ளுங்கள். பி.ஏ.வுக்கு ஒரு மணி நேரம் மிச்சமாகும், உங்களை மறக்க மாட்டார்.

தாளை வாங்கிப் படித்ததும் எம்.பி. கேட்கப்போகும் முதல் கேள்வி எனக்குத் தெரியும். "நம்ம ஊர்லயே ஏழைங்க இருக்காங்களே தம்பி, வெளிநாட்டுக்கு எதுக்கு?" நியாயமான கேள்வி. தொகுதியில் அவரை அப்படித்தான் கேட்பார்கள். அதனால் அவர் மேடையில் சொல்லக்கூடிய பதிலை நீங்கள் கொடுக்க வேண்டும்.

முதலில் அளவு. அந்த 5,483 கோடி என்பது மத்திய அரசின் மொத்தச் செலவில் ஆயிரம் ரூபாய்க்கு ஒரு ரூபாய் சொச்சம். அடுத்து, அந்தப் பணம் எங்கே போகிறது என்பது. 2001இல் மும்பையின் சிப்லா கம்பெனி, பெரிய கம்பெனிகள் வருஷத்துக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் விற்ற எச்.ஐ.வி. கூட்டு மருந்தை 350 டாலருக்குத் தர முன்வந்தது. புனேயின் சீரம் நிறுவனம் ஆக்ஸ்போர்டுடன் சேர்ந்து செய்யும் ஆர்21 மலேரியா தடுப்பூசியை உலக சுகாதார நிறுவனம் 2023 அக்டோபரில் பரிந்துரைத்தது. ஒரு டோஸ் நான்கு டாலருக்குள். 2023இல் மலேரியாவால் இறந்தவர்கள் 5,97,000 பேர். அவர்களில் நூற்றுக்கு 95 பேர் ஆப்பிரிக்காவில், பெரும்பாலும் ஐந்து வயதுகூட ஆகாத குழந்தைகள். அவர்களைக் காப்பாற்றும் மருந்து நம் தொழிற்சாலையில் இருக்கிறது. உதவிப் பணத்தில் அதை வாங்கினால் வேலையும் நம் ஆட்களுக்குத்தான்.

இந்தக் கணக்கோடு உங்கள் சொந்த விஷயம் ஒன்றையும் இரண்டு வரியில் சொல்லுங்கள். எம்.பி.க்களுக்கு எண் மறந்துபோகும், ஆள் மறக்காது. நான் போனால் என் தம்பியைப் பற்றிச் சொல்வேன். இரண்டு வயதில் போலியோ வந்து, காலில் காலிபர் மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனவன். 2011 ஜனவரி 13க்குப் பிறகு இந்தியாவில் எந்தக் குழந்தைக்கும் இயற்கையான போலியோ வைரஸ் தாக்கவில்லை. நம் அரசின் பணமும் நம் சுகாதார ஊழியர்களின் நடையும்தான் அதில் பெரும்பங்கு. ஆனால் யுனிசெஃப், உலக சுகாதார நிறுவனம், ரோட்டரி, வெளிநாட்டு அரசுகள் என்று வெளியிலிருந்தும் கை நீண்டது. யாரோ ஒரு நாட்டின் எம்.பி. அன்றைக்கு அதற்காகப் பேசியிருக்கிறார். இன்றைக்கு நம் எம்.பி. பேசட்டும். இதை எங்கே சொன்னாலும் எனக்குத் தொண்டை அடைக்கும். அடைத்தாலும் சொல்வேன்.

கிளம்பும்போது பி.ஏ.வின் நம்பரை வாங்கிக்கொள்ளுங்கள். கேள்வி ஏற்கப்பட்டதா என்று ஒரு வாரம் கழித்துக் கேளுங்கள். பதில் வந்த அன்றைக்கே மக்களவை இணையதளத்தில் ஏறிவிடும். "தகவல் திரட்டப்படுகிறது" என்று அமைச்சர் பதில் சொன்னால் சோர்ந்துவிட வேண்டாம். அது அவைக்குக் கொடுத்த உறுதிமொழியாகக் கணக்கில் ஏறும். மூன்று மாதத்தில் நிறைவேற்ற வேண்டும், அதைத் துரத்துவதற்கென்றே உறுதிமொழிக் குழு ஒன்று இருக்கிறது. தேதியைக் குறித்துவைத்து, மூன்றாம் மாத முடிவில் பி.ஏ.வுக்கு நினைவூட்டுங்கள்.

கணக்கு கைக்கு வந்தால் அடுத்த இடம் வெளியுறவு நிலைக்குழு. பட்ஜெட் செஷனின் இடைவேளையில் அமைச்சகத்தின் மானியக் கோரிக்கையை, அதாவது வரும் ஆண்டின் செலவுக்கு அது கேட்கும் பணத்தின் கணக்கை, அவர்கள் வரி வரியாகப் பார்ப்பார்கள். இரு அவைகளின் உறுப்பினர்களும் அதில் உண்டு. அந்தப் பட்டியலில் தமிழ்நாட்டுக்காரர் யாராவது இருக்கிறாரா என்று பாருங்கள். இருந்தால் பிப்ரவரி முதல் வாரத்திலேயே, வந்த பதிலின் நகலோடு அவர் வீட்டுக்குப் போங்கள்.