குழந்தைகளோடு பட்டாம்பூச்சிப் புழு வளர்க்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

முதல் தடவை எங்கள் வீட்டில் ஐந்து புழுக்கள் ஒரே நாளில் செத்தன. கொல்லையிலிருந்த கறிவேப்பிலைக் கன்றை மொட்டையடித்துவிட்டனவே என்று, சந்தையில் வாங்கிய கறிவேப்பிலையை எடுத்துப் போட்டேன். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள் எட்டிப் பார்த்தபோது எல்லாம் பச்சையாகக் கக்கிச் சுருண்டு கிடந்தன. "நம்ம குடுத்த இலைதானப்பா?" என்று கேட்டாள். ஆமாம் என்றுதான் சொன்னேன்.

விலைக்கு வாங்கும் கறிவேப்பிலை பெரும்பாலும் மருந்தடித்து வளர்ந்தது. நம்மை உடனே ஒன்றும் செய்யாத அளவு மருந்து ஒரு சின்னப் புழுவைக் கொல்லப் போதும். இலைக்குள் ஊறிப்போகும் மருந்துகள் கழுவினாலும் போவதில்லை. டெல்டாவில் இன்னொரு சிக்கல், வீட்டை ஒட்டியே வயல் இருப்பது. சம்பாப் பயிருக்கு மருந்து தெளித்த நாளில் காற்று நம் பக்கம் வீசியிருந்தால், வேலியோரத்து எலுமிச்சையும் நார்த்தையும் கொஞ்ச நாளைக்கு வேண்டாம். வேப்பெண்ணெய்க் கரைசல் இயற்கையானதுதானே என்று நினைக்காதீர்கள். அதுவும் புழுவைத் தின்னவிடாது, தோலுரிக்கவும் விடாது. கார்த்திகையில் கொசுவுக்காக ஏற்றும் சுருளும் திரவ மருந்தும் அப்படித்தான். புழு இருக்கும் அறையில் அவை கூடவே கூடாது. குழந்தை கையில் கொசுக் களிம்பு பூசியிருந்தால் அன்றைக்கு இலை மாற்றும் வேலையை நீங்கள் செய்யுங்கள்.

எந்தச் செடியில் கண்டெடுத்தீர்களோ அந்தச் செடியின் இலைதான் அதற்குச் சோறு. எருக்கில் எடுத்த வெந்தய வரியன் பட்டாம்பூச்சியின் புழுவுக்குக் கீரையைப் போட்டால் தின்னாமலே செத்துப்போகும். கறிவேப்பிலை, எலுமிச்சை, நார்த்தை மூன்றும் ஒரே குடும்பம் என்பதால் எலுமிச்சை அழகி என்ற பட்டாம்பூச்சியின் புழு மூன்றிலும் வளரும். ஆனாலும் தொடங்கிய செடியிலேயே விடுவது நல்லது. ஆகவே புழுவை எடுக்கும் முன்பே செடியைப் பாருங்கள். கடைசிப் பருவத்தில் ஒரு புழு தின்னும் இலை திகைக்க வைக்கும். முழங்கால் உயரக் கன்றுக்கு இரண்டு புழு போதும்.

சிறு குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு எலுமிச்சை அழகிதான் ஏற்றது. எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆபத்து, அரளி நஞ்சு. இந்த இரண்டு செடியின் இலையையும் குழந்தைகள் பறிக்க வேண்டாம். முருங்கையில் அப்பிக் கிடக்கும் கம்பளிப்பூச்சியைத் தொட்டால் என்ன ஆகும் என்று நம் பக்கத்தில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. ஆனால் நான்கு வயதுப் பிள்ளைக்கு எல்லாப் புழுவும் ஒன்றுதான். "ரோமம் இருந்தா தொடக்கூடாது" என்று முதல் நாளே சொல்லிவையுங்கள். 2019இல் தமிழ்நாட்டின் மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவித்த தமிழ் மறவனை வளர்க்கலாமா என்று என் மகள் கேட்டாள். அது மேற்குத் தொடர்ச்சி மலைப்பக்கத்துப் பூச்சி, நம் சமவெளியில் தேடுவது வீண்.

அடுத்த தவறு ஈரம். மூடியில் நாலு ஓட்டை போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் புழுவை விட்டால், நம் ஊர்ப் புழுக்கத்தில் மறுநாளே உள்பக்கம் வியர்த்து நிற்கும். புழுக்கை ஊறிப் பூஞ்சை பிடிக்கும், பின்னாலேயே நோய் வரும். வாயகன்ற பாட்டிலோ கூடையோ எடுத்து, மேலே கொசுவலைத் துணியை ரப்பர் பேண்டால் கட்டினால் போதும். அடியில் செய்தித்தாள் விரித்துத் தினமும் மாற்றுங்கள். இந்த வேலை குழந்தைக்கு ஏற்றது, பெருமையாகச் செய்வார்கள். இலையைக் கழுவினால் ஈரம் போகத் துடைத்துப் போடுங்கள். கிளையைத் தண்ணீர்க் குப்பியில் செருகினால் வாயைப் பஞ்சால் அடையுங்கள். இல்லாவிட்டால் புழு காம்பு வழியே இறங்கித் தண்ணீரில் விழும். எறும்புக்கு, சர்க்கரை டப்பாவைத் தண்ணீர்த் தட்டில் வைப்போமே, அதே வழிதான்.

பிறகு விரல். எலுமிச்சை அழகியின் புழு முதலில் பறவை எச்சம் போலிருக்கும், கடைசிப் பருவத்தில்தான் பச்சையாகும். நடுவில் நான்கு முறை தோலுரிக்கும். ஒவ்வொரு முறையும் ஒரு நாள் போல அசையாமல் தின்னாமல் கிடக்கும். செத்துவிட்டதோ என்று குழந்தை தட்டிப் பார்க்கும், நாமும் புது இலைக்கு மாற்றுவோம். அப்போது காலின் பிடி விட்டுப்போனால் தோல் கழலாமல் புழு அதற்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். இடம் மாற்றியே ஆக வேண்டுமானால் இலையோடு வெட்டி மாற்றுங்கள். சீண்டினால் தலைக்குப் பின்னால் கவட்டை போல ஒன்றை நீட்டி வாடை விடும். அதைப் பார்க்க எல்லாக் குழந்தைக்கும் ஆசைதான். ஒரு முறை பார்த்தால் போதும் என்று நாங்கள் பேசி வைத்துக்கொண்டோம்.

இரண்டு வாரம் போல ஆனதும் திடீரென்று இளகிக் கழிந்துவிட்டு, பாட்டில் முழுக்கச் சுற்றிச் சுற்றி அலையும். வயிற்றுப்போக்கு என்று பயந்து இலையைத் திணிக்காதீர்கள். கூட்டுப்புழு ஆக இடம் தேடுகிறது. நாலைந்து குச்சிகளைச் சாய்த்து வையுங்கள். மின்கம்பத்தில் லைன்மேன் இடுப்புக் கயிற்றில் சாய்ந்து நிற்பதுபோல, ஒரு நூலை இடுப்பில் கட்டிச் சாய்ந்துகொள்ளும். அந்த நூல் அறுந்தால் கஷ்டம். குச்சியை யாரும் எடுத்துப் பார்க்க வேண்டாம்.

ஒரு வாரமோ பத்து நாளோ கழித்துக் கூடு கறுக்கும். கறுப்பு மஞ்சள் இறகுக்கோலம் வெளியே தெரிந்தால் மறுநாள் பட்டாம்பூச்சி. கோலம் தெரியாமல் மொத்தமாகக் கறுத்து மெத்தென்று ஆனால் உள்ளே செத்துவிட்டது. பக்கத்தில் பொட்டுத் துளை இருந்தால் சிறு குளவி உள்ளே வளர்ந்து போயிருக்கிறது. குளவி கொட்டக் கொட்டப் புழுவே குளவியாகும் என்று என் அப்பாயி சொல்லுவார்கள். சுவரில் மண்கூடு கட்டும் குளவி புழுவைக் கொட்டி மயக்கித் தன் குஞ்சுக்கு இரையாக வைப்பதைப் பார்த்த கண்ணில் பிறந்த பேச்சு அது. குழந்தைக்கு இரண்டையும் சொல்லுங்கள். செத்த புழுவை ராத்திரியோடு ராத்திரியாக வேறொன்றாக மாற்றி வைக்கும் பெற்றோர் உண்டு. அதை மட்டும் செய்யாதீர்கள். நாங்கள் அந்த ஐந்தையும் முருங்கை மரத்தடியில் புதைத்தோம். மகள் அழுதாள், மறுநாள் காலை அவளே கன்றில் முட்டை தேடப் போனாள்.

கூட்டிலிருந்து வெளிவரத் திணறுகிறதே என்று கூட்டைப் பிய்த்து உதவ வேண்டாம். வந்ததும் இறகு நனைந்த துணி மாதிரிச் சுருங்கியிருக்கும். தொங்கினால்தான் விரியும், அதற்கு மேலே பிடிமானமும் கீழே தாராளமாக இடமும் வேண்டும். இடம் போதாத பாட்டிலில் இறகு கோணலாகவே காய்ந்துவிடும், பிறகு நிமிராது. அடியில் செந்நிறமாகச் சொட்டுவது ரத்தமல்ல, கூட்டுக்குள் சேர்ந்த கழிவு. என் மகன் அதைப் பார்த்து அலறியதால், இப்போதெல்லாம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

விரிந்த இறகு காய இரண்டொரு மணி நேரம் ஆகும். அதுவரை விரலில் ஏற்றிப் படம் எடுக்க வேண்டாம். சர்க்கரைத் தண்ணீரும் வேண்டாம், முதல் நாள் அதற்குப் பசியில்லை. ஐப்பசி அடைமழையில் வெளிவந்தால் வலைக்குள்ளேயே ராத்திரி இருக்கட்டும். காலையில் மழை விட்டு வெயில் தலைகாட்டியதும் வாசல் இட்லிப்பூச் செடிக்குப் பக்கத்தில் வலையைத் திறந்து வைத்தால், தானே கிளம்பும்.