விடையைக் கேள்வியிலேயே வைத்துப் பாருங்கள்

என் அக்காள் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். வீட்டுப்பாடத்தோடு என் மேசைக்கு வந்தால், முதல் வேலையாக அவளுடைய அழிப்பானை வாங்கி இழுப்பறையில் போட்டுவிடுவேன். தவறான வரியை அழித்துவிட்டால் எங்கே சறுக்கினோம் என்ற தடயமும் சேர்ந்து அழிந்துபோகும். அந்த வரியை ஒரு கோட்டால் அடித்துவிட்டுக் கீழே புதிதாக எழுதினால் போதும்.

சென்ற வாரம் அவள் திணறிய கணக்கு இது: ஒரு செவ்வகத்தின் நீளம், அகலத்தின் இரு மடங்கைவிட 4 செ.மீ. அதிகம். சுற்றளவு 38 செ.மீ. நீளமும் அகலமும் காண்க.

படித்ததுமே எதையாவது வகுத்துப் பார்க்கக் கை பரபரக்கும். பொறுங்கள். தெரியாதது எது என்பதை முதலில் முழு வாக்கியமாக எழுதுங்கள்: ‘அகலம் அ செ.மீ. என்க.’ வெறுமனே ‘அ என்க’ என்று எழுதினால், அது நீளமா அகலமா என்பது நாலாவது வரியில் மறந்துபோகும். நீளத்தை அகலத்தை வைத்துத்தான் சொல்லியிருக்கிறார்கள். அதனால் அகலத்துக்குப் பெயர் வைப்பதே வசதி. நீளம் 2அ + 4. இரண்டையும் கூட்டினால் 3அ + 4. சுற்றளவு அதைப்போல இரு மடங்கு:

2(3அ + 4) = 38

இதை அவள் 6அ + 4 = 38 என்று விரித்தாள். வெளியே நிற்கும் 2, அடைப்புக்குறிக்குள் இருக்கும் இரண்டு உறுப்புகளையும் பெருக்க வேண்டும். இந்தக் கணக்கிலோ விரிக்கவே தேவையில்லை. இருபுறமும் 2ஆல் வகுத்தால் 3அ + 4 = 19. இருபுறமும் 4ஐக் கழித்தால் 3அ = 15.

அடுத்த வரியில் அ = 12 என்று எழுதினாள். எப்படி என்று கேட்டேன். “3 அந்தப் பக்கம் போனால் குறி மாறும் மாமா, 15 − 3” என்றாள். இந்த ‘அந்தப் பக்கம்’ மந்திரத்தின் மேல் எனக்குத் தீராத கோபம். எண் எங்கேயும் போவதில்லை; இருபுறமும் ஒரே செயலைச் செய்கிறோம், அவ்வளவுதான். 1557இல் ராபர்ட் ரெக்கார்ட் என்ற கணித அறிஞர் சமக்குறியாக இரண்டு இணைகோடுகளைப் போட்டபோது, அவற்றைவிடச் சமமான இரண்டு பொருள்கள் இருக்க முடியாது என்று காரணம் சொன்னார். அந்தச் சமம் குலையக் கூடாது. 3அ என்பது பெருக்கல். பெருக்கலை அவிழ்ப்பது வகுத்தல். அ = 5, நீளம் 14.

இனி சரிபார்த்தல். பலரும் விடையைத் தாங்கள் எழுதிய சமன்பாட்டிலேயே இட்டுப் பார்க்கிறார்கள். சமன்பாடே தவறாக இருந்தால் அதிலும் விடை பொருந்திவிடும். கேள்விக்குத் திரும்புங்கள்: 5இன் இரு மடங்கு 10, அதைவிட 4 அதிகம் 14. 14 + 5 = 19, அதன் இரு மடங்கு 38. சரி.

வடிவியலில் படம்தான் ஏமாற்றும். முக்கோணம் வரையச் சொன்னால் எல்லோரும் அழகான சமபக்க முக்கோணத்தையே வரைகிறார்கள்; பிறகு கண் அதை நம்பி, கேள்வியில் இல்லாத சமத்தையெல்லாம் எடுத்துக்கொள்கிறது. வேண்டுமென்றே கோணலாக வரையுங்கள். கேள்வி தந்த அளவுகளை மட்டும் குறியுங்கள். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் காரணத்தை எழுதுங்கள்.

ஒரு கணக்கு: இருசமபக்க முக்கோணத்தின் வெளிக்கோணம் ஒன்று 110°. உட்கோணங்கள் என்ன? அதை ஒட்டிய உட்கோணம் 180 − 110 = 70° (நேர்க்கோட்டுக் கோணங்கள்). இந்த 70° உச்சியில் இருந்தால் மீதி 110°ஐ இரண்டு அடிக்கோணங்களும் பங்கிட்டுக்கொள்ளும்: 55°, 55°. அடியில் இருந்தால் மற்ற அடிக்கோணமும் 70°, உச்சிக்கோணம் 40°. எந்த முனை என்று கேள்வி சொல்லவில்லை. ஆகவே இரண்டையும் எழுத வேண்டும். அவள் ஒரே படம் வரைந்து, 55° என்று எழுதி நோட்டை மூடிவிட்டாள். இரண்டாவது படத்தை வரையச் சொன்னதும் முதல் வேலையாக அழிப்பானைத்தான் கேட்டாள்.